ரிசர்வ் டேங்கில் ஏறிய தண்ணீர்: வீட்டில் கட்டிய 4ஜி93 டர்போவோடு மூன்றாண்டுகள்

பட்டர்வொர்த்தில் இருக்கும் நண்பர் ஒருவர், தம்முடைய பழைய புரோட்டோன் வீராவில் மிட்சுபிஷியின் 4ஜி93 டர்போ என்ஜினைப் பொருத்தி, 402 மீட்டர் நேர்ப்பாதையில் ஓடும் டிராக் ஓட்டங்களுக்குத் தயார் செய்யலாமா என்று போன வாரம் வாட்சப்பில் கேட்டிருந்தார். இரண்டு வரியில் பதில் எழுத முயன்று, மூன்று முறை அழித்துவிட்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். அந்த என்ஜினின் அளவுகள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். என்ஜினை மாற்றினால் வாகனச் சோதனையும் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதியும் வேண்டும் என்பதும் தெரியும். ஆகையால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதலில் நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஜூரு பக்கத்தில், பாதியாக வெட்டி வந்த ஜப்பானியப் பழைய கார்களின் பாகங்களை விற்கும் ஹாஃப்-கட் கடையில் என்ஜின், கியர்பாக்ஸ், வயரிங், என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ எல்லாம் சேர்த்து 4,200 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். வீட்டு முன்வாசலில், மழைச்சாரல் படாமல் தார்ப்பாய் கட்டி, என்ஜினைப் பிரித்து அளந்தேன். கிராங்க், ராட், பிஸ்டன் மூன்றும் ஜப்பானில் பொருத்தியவையே. மாற்றியவை பேரிங்கும் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கும் மட்டும். டர்போவின் சூட்டில் ரிங் விரிந்து முனைகள் முட்டிக்கொள்ளாதிருக்க, இடைவெளியைச் சின்ன அரத்தால் தேய்த்து 0.40 மி.மீ.க்குக் கொண்டுவந்தேன். நான்கு சிலிண்டருக்கும் அதைச் செய்து முடிக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. அந்தக் கீழ்ப்பாதியை மூன்று ஆண்டுகளாகத் திறக்கவில்லை. டர்போ கூடுதலாகத் திணிக்கும் ஒரு பார் காற்றழுத்தத்தில் (பூஸ்ட்), கிளட்ச்சை உதறிவிட்டுக் கிளம்பும் முரட்டுத்தனத்தை எல்லாம் தாங்கிக்கொண்டு, ஆயில் பிரஷர் முதல் நாள் காட்டிய இடத்திலேயே இன்றும் நிற்கிறது. இவ்வளவு குறைந்த செலவில் இப்படி ஓர் உழைப்பை நான் எதிர்பார்க்கவில்லை.

என் பொறுமையைச் சோதித்தது என்ஜினின் மேல்பாதி. சரியாகச் சொன்னால், ரேடியேட்டரில் பொங்கும் தண்ணீரை வாங்கிவைத்து, ஆறியதும் திருப்பித் தரும் அந்த வெள்ளை பிளாஸ்டிக் ரிசர்வ் டேங்க்.

பினாங்குப் பாலத்தில் வேலைக்குப் போய்வரும்போது சூட்டு முள் அசையாது. 402 மீட்டரை ஒரு முறை முழு வேகத்தில் ஓடிவிட்டு வந்து பானெட்டைத் திறந்தால், ரிசர்வ் டேங்க் விளிம்புவரை நிரம்பிக் கொப்புளித்துக்கொண்டிருக்கும். ஆறிய பிறகும் தண்ணீர் ரேடியேட்டருக்குத் திரும்பாது. நான் முதலில் 0.9 பார் மூடியை மாற்றினேன். பிறகு தெர்மோஸ்டாட், பிறகு தண்ணீர் பம்ப், கடைசியில் 600 ரிங்கிட்டுக்கு அலுமினிய ரேடியேட்டர். ஒன்றும் பலிக்கவில்லை. பிறாயில் பட்டறை வைத்திருக்கும் மூத்த மெக்கானிக் ஒருவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தம்பி, சும்மா ஓட்டும்போது வராமல் பூஸ்ட் ஏறும்போது மட்டும் வந்தால் அது ரேடியேட்டர் நோவு இல்லை, ஹெட் நோவு" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை முன்பே கேட்டிருந்தால் எண்ணூறு ரிங்கிட்டுக்கு மேல் மிஞ்சியிருக்கும்.

அவர் சொன்னதன் பின்னால் இருப்பது எளிய கணக்கு. ஒரு பார் பூஸ்ட் என்றால், வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்து, சிலிண்டருக்குள் இழுக்கப்படும் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. அது எரியும்போது எழும் அழுத்தமும் அதற்கேற்ப உயர்ந்து, சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட்டை மயிரிழை தூக்கிவிடுகிறது. அந்த இடுக்கில் எரிந்த வாயு தண்ணீர்ப் பாதைக்குள் பாய்ந்து, ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங்கை வென்று, தண்ணீரை ரிசர்வ் டேங்குக்குத் தள்ளுகிறது. எரிந்த வாயு கலந்தால் நீலத்திலிருந்து மஞ்சளாக மாறும் சோதனைத் திரவத்தை ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்த்தபோது நிறம் மாறவே இல்லை, ஏனென்றால் வண்டி நின்றபடி என்ஜின் மெதுவாக ஓடும் ஐட்லிங்கில் கசிவே கிடையாது. கம்ப்ரஷன் சோதனையிலும் நான்கு சிலிண்டரும் சமமாகவே காட்டின. சிலிண்டருக்குள் 7 பார் காற்றை ஏற்றிய லீக்-டவுன் சோதனையில்தான், மூன்றாவது சிலிண்டரில், ரேடியேட்டர் வாயில் குமிழி குமிழியாக உண்மை வெளிவந்தது.

ஹெட்டைக் கடையில் கொடுத்துத் தட்டையாக்கி வாங்கி, ஹெட்டுக்கும் என்ஜினுக்கும் நடுவே கசிவை அடைக்கும் தகடாகப் பல அடுக்கு எஃகு கேஸ்கட் போட்டேன். நான்கு ஓட்டத்தில் மறுபடியும் அதே கொப்புளிப்பு. இரண்டாம் முறை ஹெட்டைக் கழற்றிக் கவிழ்த்துவைத்து, கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். வட்ட வட்டமாக வெட்டுக்கோடுகள் தெரிந்தன. நகத்தால் தடவியபோது சீப்பின் பல்லில் ஓடியதுபோலக் 'கிர்' என்றது. பழைய வகைக் காம்போசிட் கேஸ்கட் அந்தச் சொரசொரப்பைத் தன் மென்மையால் நிரப்பிக்கொள்ளும். எஃகு கேஸ்கட்டுக்கு அந்த இரக்கம் கிடையாது, அதற்கு ஒரு மைக்ரோமீட்டர் அளவிலான வழவழப்பு வேண்டும். என்ன கேஸ்கட் போடப்போகிறேன் என்று ஹெட்டைத் தட்டையாக்கித் தந்த கடை கேட்கவில்லை என்பது என் கோபம். நானும் சொல்லவில்லை என்பது நியாயம். ஆனாலும் 120 ரிங்கிட் வாங்கிக்கொண்டு ஒரு கேள்வி கேட்பதற்கு என்ன வந்தது?

வேறொரு கடையில் மறுபடி தேய்த்து வாங்கி, ஹெட்டை இறுக்கிப் பிடிக்க ஏஆர்பி நிறுவனத்தின் ஸ்டட் (உறுதியான போல்ட்) போட்டு, அதோடு வந்த மசகைத் திருகுகளில் தடவி முறுக்கினேன். முறுக்கும் விசையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை உண்மையில் இழுத்துப் பிடிக்கிறது, மற்றதெல்லாம் உராய்வில் தொலைகிறது என்பதால், இந்த மசகு விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. ஒரு கரண்டி மசகில் மிச்சம் பிடித்து இரண்டு கேஸ்கட்டைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும். தீப்பொறி விழும் நேரத்தையும் சற்றுப் பின்தள்ளி, ரான் 97 பெட்ரோல் மட்டுமே ஊற்றுகிறேன். எரிபொருள் தாறுமாறாக வெடிக்கும் நாக்கிங் வந்தால் எந்த ஸ்டட்டும் ஹெட்டைக் காக்காது.

அதன் பிறகு 400 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக்கொண்டு செப்பாங் போய், நண்பகல் வெயிலில் வரிசையில் நின்று, டர்போ காற்றைக் குளிர்விக்க வேண்டிய இன்டர்கூலரே கொதிக்க, 402 மீட்டரை 13.4 விநாடியில் ஓடினேன். கசிவோடு ஓடிய காலத்தில் என் சிறந்த நேரம் 13.3. இத்தனை செலவும் ஒரு பத்தில் ஒரு பங்கு விநாடி பின்னால் தள்ளியது என்பதை வீட்டில் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் பானெட்டைத் திறந்தபோது ரிசர்வ் டேங்கில் தண்ணீர் நான் மார்க்கரால் போட்ட கோட்டைத் தாண்டவில்லை. அன்று பக்கத்து வண்டிக்காரர்கள் நேரப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் டேங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே நண்பருக்கு என் பதில்: கீழ்ப்பாதி தங்கம், உதிரிப்பாகம் எளிதில் கிடைக்கும், காசுக்கு ஈடான வேகம் வேறெதிலும் இல்லை, ஆனாலும் கட்டாதீர்கள். இதை நான் நல்ல மனநிலையில் எழுதவில்லை. ஐந்து மாதம் அசையாமல் இருந்த தண்ணீர், இன்று காலை, என்ஜின் நன்றாகக் குளிர்ந்திருந்தபோது, மார்க்கர் கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை ஏறி நின்றது. நேற்று மாலை வண்டியைக் கழுவிய தம்பி, குறைவாக இருக்கிறதென்று நினைத்துத் தண்ணீர் ஊற்றியிருக்கலாம். அவனிடம் இன்னும் கேட்கவில்லை.