ப்ளக்ல சொருகுற வாட் மீட்டர்: கீசர் காயில் மாத்துறதுக்கு முன்னாடி இத வாங்கிப் பாருங்க

சுவத்து சாக்கெட்டுக்கும் கீசர் ப்ளக்குக்கும் நடுவுல சொருகுற மீட்டர் இது, ஆன்லைன்ல ஆயிரம் ரூபாய்க்கு முன்னபின்ன கிடைக்குது. வோல்ட், ஆம்ஸ், வாட்ஸ், பவர் ஃபேக்டர் (வோல்ட்டையும் ஆம்ஸையும் பெருக்குனா வர்றதுல எவ்ளோ பங்கு நெசமான வாட்ஸுங்கிறது), எத்தனை யூனிட் ஓடியிருக்குன்னு எல்லாம் காட்டும். ஓம்ஸ் (காயில் கரண்ட எவ்ளோ தடுக்குதுங்கிற அளவு, அதாவது ரெசிஸ்டன்ஸ்) காட்டாது, ஆனா அத நாமளே போட்டுக்கலாம், வோல்ட்ட ஆம்ஸால வகுத்தா ஓம்ஸ், ரெண்டையும் பெருக்குனா வாட்ஸ் (கீசர் மாதிரி பவர் ஃபேக்டர் 1 இருக்குற சாமானுக்கு).

எங்க வீட்ல 2000 வாட்ஸ் கீசர். சாயங்காலம் ஆனா தண்ணி சூடாக ரொம்ப நேரம் எடுக்குது, பாக்க வந்த மெக்கானிக் காயில் வீக் ஆயிடுச்சு மாத்தணும்னு சொல்லிட்டாரு. மீட்டர மாட்டிப் பாத்தா காலைல 231 வோல்ட், 8.7 ஆம்ஸ், அதாவது 26.5 ஓம்ஸ், 2010 வாட்ஸ். சாயங்காலம் 204 வோல்ட், 7.7 ஆம்ஸ், வகுத்தா அதே 26.5 ஓம்ஸ் தான் வருது, ஆனா பவர் 1571 வாட்ஸ்க்கு இறங்கிடுச்சு. ஓம்ஸ் மாறாததால காயில்ல ஒரு குறையும் இல்ல, லைன்ல தான் வோல்டேஜ் கம்மி! வோல்டேஜ் 12 சதவீதம் கொறஞ்சா ஆம்ஸும் கூடவே கொறையுது, அதனால பவர் 22 சதவீதம் அடி வாங்குது. 15 லிட்டர் தண்ணிய 27 டிகிரில இருந்து 60 டிகிரிக்கு கொண்டு வர காலைல 17 நிமிஷம்னா சாயங்காலம் 22 நிமிஷம். புது காயில் போட்டிருந்தாலும் இதே கதை தான் நடந்திருக்கும், அந்தக் காசு மிச்சமானதுக்கே மீட்டர் வெல தாராளமா வந்துடுச்சு.

இந்தக் கணக்கு அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் ராடு, கெட்டில் மாதிரி சூடு பண்ற சாமானுக்கு அப்படியே செட்டாகும், பவர் ஃபேக்டர் 1.00னு காட்டும். ஃப்ரிட்ஜுக்குப் போட்டுக் கொழம்பிடாதீங்க. எங்க ஃப்ரிட்ஜ் 230 வோல்ட்ல 0.9 ஆம்ஸ் இழுக்குது, பெருக்குனா 207 வருது, ஆனா மீட்டர் காட்டுறது 140 வாட்ஸ், ஏன்னா பவர் ஃபேக்டர் 0.68. நம்ம வீட்டு ஈபி மீட்டர்லயும் யூனிட் ஏறுறது அந்த 140 வாட்ஸ்க்கு தான். அங்க வோல்ட்ட ஆம்ஸால வகுத்து வர்ற நம்பர மோட்டார் காயிலோட ரெசிஸ்டன்ஸ்னு எடுத்துக்காதீங்க, அது வேற.

குறைன்னு பாத்தா, மொபைல் சார்ஜர சும்மா சொருகி வச்சிருந்தா பூஜ்யம் தான் காட்டுது, அவ்ளோ சின்ன லோடு இதுக்குத் தெரியல. டிஸ்ப்ளேல லைட் இல்ல, கட்டிலுக்குப் பின்னாடி இருக்குற சாக்கெட்ல மாட்டுனா படிக்கவே முடியல. பட்டனும் பொடிசு.

வாங்குறப்ப 16 ஆம்ஸ் மாடலான்னு பாத்து வாங்குங்க, கீசர் மாதிரி லோடுக்கு அது கட்டாயம். ஒரு விஷயம் ரொம்ப முக்கியம், பின்னு லூசா உக்காந்தா மாட்டவே மாட்டாதீங்க. அந்த எடத்துல வெறும் 0.1 ஓம் இருந்தாலும் 8.7 ஆம்ஸ் ஓடுறப்ப ஏழரை வாட்ஸ் சூடு அந்தச் சின்ன பின்னுலயே எறங்கும், ப்ளாஸ்டிக் உருகிடும். மொத தடவ மாட்டுனதும் பத்து நிமிஷம் ஓடவிட்டு, சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு, ப்ளக்கத் தொட்டுப் பாருங்க, கை பொறுக்காத சூடுன்னா சாக்கெட்ட மாத்திட்டு அப்புறம் யூஸ் பண்ணுங்க.