தலையைத் திருப்பினால் சுரம் மாறும்: நியூயார்க்கின் ‘ட்ரீம் ஹவுஸ்’

மன்ஹாட்டனில் சர்ச் தெரு, 275ஆம் எண் கட்டடம், மூன்றாவது தளம் (நம் கணக்கில் இரண்டாவது மாடி). 1993 முதல் ‘ட்ரீம் ஹவுஸ்’ என்ற ஒலி-ஒளிக் கலை அரங்கு இருப்பது இங்கேதான். ஒலி, இசையமைப்பாளர் லா மான்டி யங் அமைத்தது. ஒளி, 2024இல் காலமான அவர் மனைவி மரியன் ஸசீலாவின் கைவண்ணம்.

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நாற்காலி கிடையாது, தரைவிரிப்பும் சில தலையணைகளும்தான். சின்தசைஸரிலிருந்து சைன் அலைகள் (ஒவ்வொன்றும் ஒரே அதிர்வெண் கொண்ட தூய ஒலி) இடைவிடாமல், நல்ல சத்தத்தில் வந்துகொண்டே இருக்கும். மெட்டு இல்லை, தாளம் இல்லை. முதல் ஐந்து நிமிடம் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் நிற்பதுபோல இருக்கும். அதோடு கிளம்பிவிட்டால் வந்ததே வீண்.

தலையை மெல்லத் திருப்புங்கள். ஒரு சுரம் கரைந்து இன்னொன்று மேலே வரும். ஸ்பீக்கரிலிருந்து நேராக வரும் அலையும் சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் சேர்ந்து சில இடங்களில் வலுக்கின்றன, சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 34 செ.மீ. உரக்கக் கேட்கும் இடத்துக்கும் அடங்கிப்போகும் இடத்துக்கும் நடுவே அதில் கால்பங்கு, அதாவது எட்டரை செ.மீ.தான் இருக்கும். கழுத்தைச் சாய்த்தாலே காது அவ்வளவு நகர்ந்துவிடும். 100 ஹெர்ட்ஸுக்கு அதே இடைவெளி சுமார் 85 செ.மீ. ஆகவே மேல் சுரங்களுக்குத் தலையசைவு போதும், கீழ்ச் சுரங்களுக்கு எழுந்து நடக்க வேண்டும். மூலையில் போய் நின்றால் கீழ்ச் சுரங்கள் நெஞ்சில் அழுத்தும். அசையாமல் இருந்தால் எதுவும் மாறாது.

தம்புரா கேட்டுப் பழகியவர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும். யங்கும் ஸசீலாவும் 1970 முதல், இந்துஸ்தானி இசையின் கிரானா கரானா என்ற பாணியைச் சேர்ந்த பாடகர் பண்டிட் பிரான் நாத்தின் சிஷ்யர்கள். தம்புராவில் ஒரு தந்தி அடங்குமுன் அடுத்தது எழும். இங்கே அந்த ஏற்ற இறக்கத்தைக் கேட்பவரின் நடையே உண்டாக்குகிறது.

ஒளியை அவசரமாகப் பார்த்துவிட்டு வராதீர்கள். தொங்கும் சுருள் வடிவங்கள்மீது வெவ்வேறு பக்கங்களிலிருந்து சிவப்பும் நீலமும் விழுகின்றன. சிவப்பு மறைக்கப்பட்ட நிழல் நீலமாகவும், நீலம் மறைக்கப்பட்டது சிவப்பாகவும் தெரியும். சுருள் லேசாகத் திரும்பினால் நிழல் நீண்டு, மெலிந்து, அடுத்த நிழலுக்குள் போய்விடும். எது பொருள், எது நிழல் என்று பிரிப்பது கடினம். ஜன்னல்களும் மஜெந்தா (சிவப்பும் ஊதாவும் கலந்த) நிறத்தில் மூடப்பட்டவை. அதனால் சூரியன் மறையும் முன் போய் இருட்டும்வரை இருப்பதே சிறந்தது. வெளியே வந்ததும் தெரு கொஞ்ச நேரம் பச்சையாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், மஜெந்தாவையே பார்த்திருந்த கண்ணுக்கு அது இயல்பு.

குறைந்தது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நுழைவு நன்கொடை பல ஆண்டுகள் 10 டாலராகவே இருந்தது. கோடையில் சில மாதங்கள் மூடிவிடுவது வழக்கம் என்பதால் பயணத்துக்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் சத்தம் ஒத்துவராதவர்களுக்கும் இதைப் பரிந்துரைக்க முடியாது. மற்றவர்களும் காதடைப்பான் கொண்டுபோவது நல்லது. ஆனால் அது மேல் சுரங்களைத்தான் அதிகம் விழுங்கும், தேவைப்படும்போது மட்டும் செருகுங்கள். ஃபோனில் பதிவுசெய்து வீட்டில் கேட்கலாம் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம். மைக் ஒரே இடத்தில் இருக்கும்போது ஒரே ரீங்காரம்தான் பதிவாகும்.