இரண்டு சிடுமூஞ்சிகள்: ரிக் ஸ்ப்ளீனா, லாரி டேவிட்டா?

ராத்திரி சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி வைத்தபிறகு எங்கள் வீட்டில் மிஞ்சுவது அரை மணி நேரம். அந்த அரை மணியில் எதைப் பார்ப்பது என்று வந்தபோது கையில் இரண்டு தொடர்கள் இருந்தன. ஒன்று, பிபிசியின் 'லெட் பலூன்'. இன்னொன்று, அமெரிக்காவில் எச்பிஓ தயாரித்த 'கர்ப் யுவர் என்தூசியாஸம்'. இரண்டிலும் நாயகனுக்கு நகைச்சுவைதான் பிழைப்பு. இரண்டு பேருமே சிடுமூஞ்சிகள், நாலு பேரோடு பழகத் தெரியாதவர்கள். ஒரே வாரத்தில் இரண்டையும் ஆரம்பித்தோம். நிலைத்தது லெட் பலூன்தான்.

அளவை முதலில் சொல்லிவிடுகிறேன். கர்ப் 2000-இல் தொடங்கி 2024 வரை ஓடியது. 12 சீசன், 120 எபிசோட். லெட் பலூன் 2006-இல் பிபிசி ஃபோரில் ஆரம்பித்து, அப்புறம் பிபிசி டூவுக்கு மாறி, 2011-இல் முடிந்தது. நாலு சீசன்தான், எபிசோடுகள் முப்பதைத் தொடாது. தினம் ஒன்று என்று வைத்தால் ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். நேரம் குறைவாக உள்ளவர்களுக்கு இதுவே போதுமான காரணம், ஆனால் நான் தேர்ந்தெடுத்தது இதற்காக இல்லை.

லெட் பலூன் வந்த நாளிலிருந்தே அதை 'பிரிட்டிஷ் கர்ப்' என்று சொல்லிவருகிறார்கள். நானும் அப்படி நினைத்துத்தான் உட்கார்ந்தேன். மூன்றாவது எபிசோடிலேயே அந்த எண்ணம் போய்விட்டது. இரண்டும் வேறு வேறு வகை மனிதர்களைப் பற்றியவை. கர்ப் நாயகன் லாரி டேவிட் மனதில் பட்டதை அப்படியே சொல்லி மாட்டிக்கொள்கிறவர். லெட் பலூன் நாயகன் ரிக் ஸ்ப்ளீன் உண்மையைச் சொல்ல முடியாமல் மாட்டிக்கொள்கிறவர். எனக்கு எல்லாம் இந்த ஓர் இடத்தில்தான் முடிவானது.

கர்ப்பில் திரும்பத் திரும்ப வரும் ஒரு காட்சி உண்டு. எதிரில் இருப்பவர் பொய் சொல்கிறாரோ என்று லாரிக்குச் சந்தேகம் வரும். கண்ணை இடுக்கி, முகத்துக்கு நேரே முகத்தை வைத்து, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்ப்பார். பின்னணியில் இசை ஏறிக்கொண்டே போகும். கடைசியில் "ஓகே" என்று விட்டுவிடுவார். ரிக்கை அந்தப் பார்வைக்கு எதிரே நிறுத்தினால் அரை நொடி தாங்கமாட்டார்.

லாரியால் அப்படி இருக்க முடிவதற்குக் காரணம் பணம். தொடரில் அவர் தன்னையே நடிக்கிறார்: 'சைன்ஃபெல்ட்' என்ற பெரும் வெற்றித் தொடரை உருவாக்கியவர்களில் ஒருவர், லாஸ் ஏஞ்சல்ஸில் வசதியாக வாழ்கிறவர். யாரிடமும் கைகட்டி நிற்கத் தேவையில்லை. 2020-இல் வந்த பத்தாவது சீசனில் ஒரு காபிக் கடைக்காரரோடு சண்டை வர, அவரைப் பழிவாங்கவே பக்கத்தில் சொந்தமாக ஒரு காபிக் கடையைத் திறந்துவிடுகிறார். வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் அந்தச் சிரிப்பில் எனக்கு எந்தப் பதைப்பும் இல்லை. கடை நஷ்டமானால் அவருக்கு என்ன ஆகிவிடப்போகிறது?

ரிக்கும் காபிக் கடையில்தான் உட்கார்ந்திருப்பார், ஆனால் அது மைக்கேல் என்பவரின் கடை. லண்டன்வாசி, வீடு வசதியானது, துணைவி மெல் பிரபலங்களுக்கு ஏஜென்ட். சோற்றுக்குக் கவலையில்லை. குறைவது மரியாதைதான். தனக்கு வந்திருக்க வேண்டிய புகழ் வரவில்லை என்ற புழுக்கம் உள்ளே ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் யாராவது சாதாரணமாக ஒன்றைக் கேட்டால்கூட, தன்னைக் கொஞ்சம் பெரியவனாகவோ நல்லவனாகவோ காட்டுகிற ஒரு சின்னப் பொய் வந்துவிடுகிறது. அதோடு நிறுத்தவும் தெரியாது. கேட்காத விவரத்தையும் சேர்த்துச் சொல்லுவார். அந்தக் கூடுதல் விவரம்தான் அடுத்த இருபது நிமிடத்தில் கழுத்தைச் சுற்றும்.

ரிக்காக நடிக்கும் ஜாக் டீயின் முகத்தைக் கவனிக்க வேண்டும். இயல்பிலேயே உதட்டோரம் கீழே இறங்கிய முகம், மேடையிலும் சிரிக்காமல் பேசிப் பெயர் வாங்கியவர். பொய் வருவதற்கு முன் அந்த முகத்தில் ஒரு சின்னத் தேக்கம் தெரியும். கண் ஒரு பக்கம் போய்த் திரும்பும். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நினைக்கிறார் என்று எனக்குத் தோன்றும். ஒவ்வொரு தடவையும், இந்த முறையாவது சொல்லிவிடு என்று மனசுக்குள் கெஞ்சுவேன். லாரியிடம் நான் ஒருநாளும் அப்படிக் கெஞ்சியதில்லை.

இரண்டாவது தடவை பார்க்கும்போது இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகிறது. கர்ப்பில் வசனம் எழுதி வைப்பதில்லை; காட்சியில் என்ன நடக்கும் என்ற சுருக்கம் மட்டும் இருக்கும், பேச்சை நடிகர்களே அங்கேயே உருவாக்குகிறார்கள். முதல் தடவை அந்தத் தடுமாற்றமும் குறுக்குப் பேச்சும் அற்புதமாக இருக்கின்றன. முடிச்சு தெரிந்தபிறகு எனக்குக் கொஞ்சம் நீளமாகப் பட்டது. லெட் பலூனை ஜாக் டீயும் பீட் சின்க்ளேரும் சேர்ந்து வரிக்கு வரி எழுதியிருக்கிறார்கள். முடிவு தெரிந்து பார்த்தால், எந்த வார்த்தையில் ரிக் தப்பித்திருக்கலாம் என்பது தெரிகிறது. எங்கள் வீட்டில் "இதோ, இங்கேதான்" என்று ரிமோட்டை அமுக்கி நிறுத்திப் பேசிக்கொள்வோம்.

சுற்றி இருப்பவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் மக்டா. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து ரிக் வீட்டில் வேலை பார்ப்பவர். நடித்தவர் ஆனா கிரில்லி என்ற பிரிட்டிஷ் நடிகை. குரலை ஏற்றாமல் இறக்காமல், தன் ஊரைப் பற்றி இருட்டான ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்வார். ரிக்கின் அரைநாள் புலம்பல் அந்த ஒரு வாக்கியத்தில் சுருங்கிப் போகும். ரிக்கோடு சேர்ந்து எழுதும் அமெரிக்கர் மார்ட்டி எல்லாவற்றையும் பக்கத்தில் இருந்து வேடிக்கை பார்ப்பவர். அவரும் நல்ல துணை. மகள் சாமும் அவளுடைய காதலன் பென்னும் வரும் கிளைக்கதைகள் சில இடங்களில் தொய்கின்றன, அதை மறைக்க வேண்டியதில்லை.

கர்ப்புக்கு நான் முழு நியாயம் செய்யவில்லை என்பதும் உண்மை. கடைசி நாலு சீசன்களை ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். நின்று நிதானமாகப் பார்த்தவர்கள் வேறு மாதிரி சொல்லக்கூடும். லாரியின் மேனேஜரும் நண்பருமான ஜெஃப்பின் மனைவியாக வரும் சூசி எஸ்மேன் லாரியைத் திட்டும் காட்சிகளுக்கு ஈடாக லெட் பலூனில் எதுவும் இல்லை. கூட்டமாக உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டுமென்றால் கர்ப்தான். நண்பர்கள் வந்தால் நானே அதைத்தான் போடுகிறேன்.

தலைப்பைப் பற்றியும் ஒன்று. ஒரு ஜோக் எடுபடாமல் போனால் அது ஈயத்தில் செய்த பலூன் மாதிரி இறங்கிவிட்டது என்பார்கள் ஆங்கிலத்தில். ஸ்ப்ளீன் என்றால் மண்ணீரல். சிடுசிடுப்பு அங்கிருந்துதான் வருகிறது என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். இது எனக்குத் தெரிந்தது இரண்டாவது சுற்றில். இப்போது மூன்றாவது சுற்று நடக்கிறது. நேற்று ராத்திரி ரிக் வாயைத் திறக்கப் போகும் இடத்தில் ரிமோட்டை எடுத்தேன். "நிறுத்தாதே, சொல்லட்டும்" என்றாள் மனைவி.