டொயோட்டா 86, ஆறாம் ஆண்டு: சர்வீஸ் முடிந்ததும் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்கிறேன்

முதல் தலைமுறை டொயோட்டா 86 காரை ஆறாவது ஆண்டாக ஓட்டிவருகிறேன். ஸ்டியரிங்கின் துல்லியம், கியர் மாற்றும் சுகம் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது எஞ்சின் ஆயில் அளவு. அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

மூன்றாம் ஆண்டு சர்வீஸ் முடிந்து காரை எடுத்துவந்த மறுநாள் காலை, எஞ்சினை இயக்கும் முன் ஆயில் மட்டத்தை அளக்கும் குச்சியான டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்துச் செருகிப் பார்த்தேன். குச்சியின் ஒரு பக்கத்தில், முழு அளவைக் காட்டும் மேல் குறியைத் தாண்டி ஒரு விரல் அகலத்துக்கு ஆயில் ஏறியிருந்தது. மறுபக்கத்தில் அரை விரல். புது ஆயில் தண்ணீர் போலத் தெளிவாக இருந்ததால் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் விளிம்பே தெரிந்தது. நான்கு முறை பார்த்தும் எந்தப் பக்கமும் குறிக்குக் கீழே இறங்கவில்லை.

சர்வீஸ் மையத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். “புத்தகத்தில் இருக்கிற 5.4 லிட்டரை அளந்துதான் ஊற்றினோம் சார், கவலைப்படாதீர்கள்” என்றார் அங்கிருந்தவர். அவர் பொய் சொல்லவில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். ஃபில்டரையும் மாற்றினால் ஊற்ற வேண்டிய அளவு அதுதான். ஆனால் பழைய ஆயில் ஒழுங்காக வடிந்திருந்தால்தான் அந்தக் கணக்கு பொருந்தும். இது பாக்ஸர் எஞ்சின். நான்கு சிலிண்டர்களும் பக்கத்துக்கு இரண்டாகப் படுத்துக்கிடக்கும். இரு பக்க சிலிண்டர் தலைகளிலும் தங்கிய ஆயில் மெதுவாகத்தான் இறங்கும். எஞ்சின் ஆறிய நிலையில் வடித்து, ஆயில் வடியும் துளையின் அடைப்பானை அவசரமாக முடுக்கிவிட்டால் கணிசமான பழைய ஆயில் உள்ளேயே நின்றுவிடும். அதன்மேல் 5.4 லிட்டரை ஊற்றினால் வேறென்ன ஆகும்?

கொஞ்சம் கூடினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பில் மட்டம் வெகுவாக உயர்ந்தால், எஞ்சினின் முதன்மைத் தண்டான சுழலும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடையத் தொடங்கும். நுரைத்த ஆயிலில் காற்று கலந்திருப்பதால் அழுத்தம் நிலையாக நிற்காது, பேரிங்குகளுக்குச் சரியான படலம் கிடைக்காது. காற்றுக்குழாய் வழியாக ஆயில், எஞ்சின் காற்றை உள்ளிழுக்கும் இன்டேக்கில் புகுந்து எரிந்தால் நீலப்புகை வரும், நாளடைவில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் கெடும். என் காரில் கூடியிருந்த அளவு ஒரே வாரத்தில் எஞ்சினைக் கொன்றுவிடாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் நிமிடத்துக்கு 7,000 சுற்றுகளைத் தாண்டி ஓட்டுவதற்காகவே வாங்கிய காரை, அந்தச் சந்தேகத்தோடு 4,000-க்கு மேல் மிதிக்க மனம் வரவில்லை.

கடைசியில் மெல்லிய குழாய் பொருத்திய கைப்பம்பை டிப்ஸ்டிக் துளை வழியே விட்டு நானே உறிஞ்சி எடுத்தேன். அளவுக் குவளையில் 350 மில்லி. இந்த டிப்ஸ்டிக்கில் கீழ்க்குறிக்கும் மேல்குறிக்கும் இடைவெளி ஏறத்தாழ 1 லிட்டர் என்பதால் கணக்கும் சரியாக வந்தது.

அன்றிலிருந்து அளக்கும் முறையை மாற்றவேயில்லை. சமதளத்தில் நிறுத்தி, சூடேறிய எஞ்சினை அணைத்து, பத்து நிமிடம் காத்திருந்து பார்க்கிறேன். இரு பக்கங்களில் எது குறைவோ அதையே எழுதிவைக்கிறேன். சூட்டில் ஆயில் விரியும் என்பதை மறக்கக் கூடாது. 5 லிட்டர் ஆயில் 20 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குப் போனால் சுமார் கால் லிட்டர் பெருகும். ஒரு நாள் காலைக் குளிரிலும் இன்னொரு நாள் மாலைச் சூட்டிலும் அளந்து ஒப்பிட்டால் வீண் பயம்தான் மிஞ்சும்.

இந்த முறையை எல்லாக் காருக்கும் பொருத்திவிடவும் கூடாது. காற்றுக் குளிர்ச்சி கொண்ட பழைய போர்ஷ 911-இல் சூடான எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். அணைத்துவிட்டால் தனித் தொட்டியிலிருக்கும் ஆயில் எஞ்சினுக்குள் இறங்கி, குச்சி காய்ந்தே வரும். அதைப் பார்த்துப் பதறி லிட்டர் கணக்கில் ஊற்றிவிடுவது அந்தக் கார்க்காரர்களுக்கு நன்கு தெரிந்த விபத்து.

குறைவாக இருப்பதை இன்னும் அதிகமாக அஞ்சுகிறேன். பக்கவாட்டு விசை 1 ஜி அளவை எட்டும் வளைவில் சம்ப்பிலுள்ள ஆயிலின் மேற்பரப்பு 45 டிகிரி சாய்ந்துவிடும். மட்டம் ஏற்கெனவே தாழ்ந்திருந்தால் உறிஞ்சும் குழாயின் வாய் காற்றைக் குடிக்கும். சிவப்பு ஆயில் விளக்கு எரியும் என்று காத்திருக்க முடியாது. அது அளவைச் சொல்லும் விளக்கல்ல, அழுத்தம் விழுந்த பிறகு எரிவது.

என் குறிப்பேட்டில் ஒரு குளிர்காலத்தில் மட்டம் தானாகவே ஏறியிருக்கிறது. குறுந்தூரப் பயணம் மட்டுமே போய்வந்த மாதங்கள் அவை. டிப்ஸ்டிக்கை முகர்ந்தால் பெட்ரோல் வாடை. எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்திருக்கிறது என்று புரிந்ததும், தவணைக்கு முன்பே ஆயிலை மாற்றிவிட்டேன்.

சென்ற மாத சர்வீஸின்போது பக்கத்திலேயே நின்றேன். எஞ்சின் சூடாக இருக்கும்போதே வடிக்கச் சொல்லி, சொட்டு நிற்கும்வரை விடச் சொன்னேன். 5 லிட்டர் ஊற்றியதும் நிறுத்தி, எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு, புது ஃபில்டர் நிறைந்தபின் அளந்தோம். அதன்பின் சிறிது சிறிதாகச் சேர்த்து, மேல் குறிக்கு ஒரு நூல் கீழே நிறுத்தினோம். மெக்கானிக் முகம் சுளிக்கவில்லை. “இன்னொரு தடவை பார்த்துவிடலாமா சார்?” என்று அவரே டிப்ஸ்டிக்கைத் துடைத்து நீட்டினார்.