நான்கு வாரங்கள் நடைக்கே தந்த டாங்கோ வகுப்பு

அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸ் நகரின் அல்மாக்ரோ பகுதியில், பழைய வீடொன்றின் மாடியில் நடக்கும் தொடக்கநிலை வகுப்பில், இருவர் இணைந்து ஆடும் டாங்கோ நடனத்தை எட்டு வாரங்கள் பயின்றேன். வாரத்தில் இரு நாள், ஒவ்வொரு நாளும் ஒன்றரை மணி நேரம். முதல் நான்கு வாரங்களில் நிற்பதும் நடப்பதும் மட்டுமே பாடம். அந்த நான்கு வாரங்களுக்காகவே இந்த வகுப்பை மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

முதல் நாள் ஆசிரியை என் முன் நின்று, “உங்கள் எடை இப்போது எந்தக் காலில் இருக்கிறது?” என்று கேட்டார். இரண்டிலும் என்றேன். அப்படி நின்றால் அடுத்து எந்தக் கால் நகரும் என்பதை உடன் ஆடும் துணைவர் ஊகிக்கத்தான் வேண்டியிருக்கும் என்று விளக்கினார். எடை முழுவதும் ஒரு காலில் இறங்கிவிட்டால் மற்றக் கால் இடுப்பிலிருந்து தளர்வாகத் தொங்கும். அழைத்த பக்கம் போகும். அடி வைப்பது என்பது காலை வீசுவதன்று, ஊன்றிய காலால் தரையை அழுத்தி உடலின் நடுப்பகுதியை நகர்த்துவது என்பது எனக்குப் பிடிபடவே மூன்று வகுப்புகள் ஆயின.

அதன் பிறகே ‘அப்ராசோ’ எனப்படும் அணைப்பு. இருவர் நெஞ்சுக்கும் இடையே ஒரு தாளை வைத்து, கைகளைத் தொங்கவிட்டபடி, கார்லோஸ் டி சார்லி இசைக்குழுவின் பதிவுகளுக்கு அறையைச் சுற்றி நடக்க வைத்தார்கள். தாளம் நிதானமாகவும் தெளிவாகவும் விழும் அந்த இசை நடைப் பயிற்சிக்கு மிகவும் ஏற்றது. சாய்ந்தால் தாள் கசங்கியது. பின்வாங்கினால் நழுவி விழுந்தது. முதல் சுற்றிலேயே நான்கு முறை குனிந்து எடுத்தோம். மூன்றாம் வாரத்தில் ஒரு மாலை, துணைவர் மூச்சிழுத்து நெஞ்சு சற்றே உயர்ந்தவுடன், அவர் புறப்படப் போவது எனக்குத் தெரிந்துவிட்டது. கை எதையும் சொல்லவில்லை, தாளும் விழவில்லை. அந்த மகிழ்ச்சியை இன்றும் மறக்கவில்லை.

‘ஓச்சோ’ என்னும் எட்டு வடிவத் திருப்பத்தை ஐந்தாம் வாரம் தொடங்கினோம். மேலுடல் முதலில் திரும்ப, இடுப்பு அதைத் தொடர்ந்து வர, முன்பாதத்தில் சுழல வேண்டும். நிலை தடுமாறும்போதெல்லாம் நான் துணைவரின் புஜத்தை இறுகப் பற்றினேன். ஆசிரியை என் முழங்கைக்கு அடியில் இரு விரல்களை வைத்து, அதன் பாரம் கீழே இறங்கும்வரை காத்திருந்தார். பற்றிக்கொண்டு நிற்பவரைத் துணைவர் தாங்கத்தான் முடியும், வழிநடத்த முடியாது என்றார். இருவரும் வெளிப்புறமாகச் சாய்ந்து ஒருவர் எடையை ஒருவர் சமன்செய்யும் ‘கோல்காடா’வை இந்த நிலையில் தொடவே மாட்டார்கள். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

2003 முதல் இந்நகரில் நடக்கும் உலக டாங்கோ போட்டியில் பல இணைகள் ஒரே தளத்தில் சுற்றி ஆடும் நடனத்தளம், பார்வையாளர்களுக்காக ஆடும் மேடை என்று இரு பிரிவுகள் உண்டு. இங்கே கற்பிப்பது முழுக்க முதல் வகை. மேடையில் காணும் உதைகளையும் தூக்கல்களையும் விரும்பிச் செல்பவர்கள் ஏமாறுவார்கள்.

குறைகளும் உண்டு. தரை முழுவதும் ஓடு. அதன் இடுக்குகளில் காலணி சிக்குவதால் சுழலும்போது முழங்கால் முறுகுகிறது. ரப்பர் அடிப்பாகம் இன்னும் மோசம். தோல் அடி வைத்த காலணியுடன் செல்லுங்கள். வழிநடத்துபவர்களைவிட, பின்தொடர்ந்து ஆடுபவர்களே அதிகம் இருந்ததால், கடைசி இரு வாரங்களில் ஒவ்வொரு வகுப்பிலும் ஏறக்குறைய கால் மணி நேரம் சுவரோரம் காத்திருந்தேன். பதிவு செய்யும்போதே இரு தரப்பையும் சம எண்ணிக்கையில் சேர்த்தால் இது தீரும்.