ரிகர்வ் வில்லுக்கு அம்பு வாங்குவோர் கவனத்திற்கு: ஒட்டியிருந்த எண் 700, அடியில் இருந்த எண் 400

நுனிகள் முன்னோக்கி வளைந்த பாரம்பரிய ரிகர்வ் வில்லுக்கு இணையத்தில் அம்பு வாங்க நினைப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்றே எழுதுகிறேன். பில்லில் 700 ஸ்பைன் (தண்டின் விறைப்பைச் சொல்லும் எண்) என்று போட்டு, அதே எண் அச்சிட்ட வண்ணத்தாளைத் தண்டின் பின்பகுதியில் சுற்றி ஒட்டி, ஒரு விற்பனையாளர் எனக்கு அனுப்பிய ஒரு டஜன் கார்பன் அம்புகள் உண்மையில் 400 ஸ்பைன் கொண்டவை. அதைச் சுட்டிக்காட்டிய பிறகு அவர் சொன்ன தீர்வு, குறையை இன்னும் மோசமாக்கக் கூடியதாக இருந்தது.

என்னுடையது ஒரே துண்டாகச் செய்யப்பட்ட மர ரிகர்வ். 28 அங்குல இழுப்பில் 35 பவுண்டு என்று லிம்பில், அதாவது வில்லின் வளையும் கையில், எழுதியிருக்கிறது. என் இழுப்பு 27 அங்குலம்தான் என்பதால் விரல்களில் ஏறுவது ஏறத்தாழ 33 பவுண்டு. அம்பைத் தாங்கும் ரெஸ்ட் எதுவும் தனியாகப் பொருத்தாமல், வில்லின் நடுப்பகுதியான ரைசரில் வெட்டியிருக்கும் ஷெல்ஃப் என்ற விளிம்பிலேயே அம்பை வைத்து, மூன்று விரல்களால் நாணை விடுகிறேன். இவை அனைத்தையும் எழுத்தில் தெரிவித்து, 29 அங்குலத்துக்கு நறுக்கி, 100 கிரெயின் (சிறு எடை அலகு) முனையும் இறகும் பொருத்தித் தரும்படிதான் ஆர்டர் கொடுத்தேன்.

இந்த விவரங்கள் ஏன் முக்கியம் என்பது புதிதாக வருபவர்களுக்குத் தெரிய வேண்டும். விரல்கள் விடும்போது நாண் நேராக முன்னே போவதில்லை, விரல் நுனிகளைச் சுற்றிக்கொண்டு சற்றே பக்கவாட்டில் விலகிப் பிறகு திரும்புகிறது. அந்தத் தள்ளலில் அம்பு வளைந்து, ரைசரை உரசாமல் சுற்றிக் கடந்து, இருபக்கமும் அதிர்ந்தபடியே இலக்கை நோக்கிச் செல்கிறது. 1930களில் அமெரிக்க இயற்பியலாளர் கிளாரன்ஸ் ஹிக்மன் அதிவேகப் படமெடுப்பின் மூலம் இந்த வளைவைக் கண்ணால் காணும்படி செய்தார். தண்டு அளவுக்கு மீறி விறைப்பாக இருந்தால் வளைந்து கொடுக்காமல் ரைசரின் பக்கத்தில் மோதி, வலக்கை வில்லாளிக்கு இடப்புறமாக விலகுகிறது. அளவுக்கு மீறித் துவண்டால் வலப்புறம் போகிறது. உருளைகள் பொருத்திய காம்பவுண்ட் வில்லில் ரைசர் நடுக்கோடு வரை வெட்டப்பட்டிருக்கும், நாணை விடுவதும் பெரும்பாலும் விரல்கள் அல்ல, ரிலீஸ் எனும் விசைக் கருவிதான். ஆகவே அங்கே விறைப்பான தண்டு சிக்கலின்றிப் பறக்கும். அதே தண்டை என் வில்லைப் போன்ற ஒன்றில் வைத்தால் பறக்காது.

கார்பன் தண்டில் எண் பெரிதாக ஆக விறைப்பு குறையும். 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள் மேல் தண்டைக் கிடத்தி, நடுவில் 1.94 பவுண்டு, அதாவது 880 கிராம் எடையைத் தொங்கவிடும்போது அது எத்தனை அங்குலம் தொய்கிறதோ, அதை ஆயிரத்தில் சொல்வதே ஸ்பைன் எண். அரை அங்குலம் தொய்ந்தால் 500. மரத்தண்டுகளில் இது தலைகீழ். அங்கே ஸ்பைனைப் பவுண்டில் சொல்வார்கள், எண் ஏற ஏற விறைப்பும் ஏறும். இந்த இரண்டு வழக்கங்களும் ஒரே கடைப் பட்டியலில் கலந்து கிடப்பது, ஏமாற்ற நினைப்பவருக்கு மிகவும் வசதியாகப் போய்விடுகிறது.

முதல் நாளே அம்புகள் இடப்புறம் குவிந்தன. ஒவ்வொரு முறை விடும்போதும் ரைசரில் ‘டக்’ என்று ஒரு தட்டல் கேட்டது. ஷெல்ஃப் பக்கம் இருந்த இறகுகளின் அடி விளிம்பு மட்டும் நைந்து போயிருந்தது. விற்பனையாளரிடம் சொன்னபோது, நாணை விடும் முறை சரியில்லை, கையைத் திருத்திக்கொள்ளுங்கள் என்றார். நாணை வெளியே பிடுங்குவதுபோல் விட்டாலும் அம்பு இடப்புறம் போகும் என்பது உண்மை. அதனாலேயே இந்தப் பதிலை எவரும் எளிதில் நம்பிவிடுவார்கள், பல வாரங்கள் தங்கள் கையையே சந்தேகித்துக்கொண்டிருப்பார்கள். திடலில் என்னைவிட நெடுநாள் அனுபவமுள்ள ஓர் அண்ணன் என் வில்லில் தன்னுடைய அம்புகளை எய்து பார்த்தார், நடுவிலேயே பாய்ந்தன. பிறகு என்னுடையதை எய்தார், எல்லாம் இடப்புறம். இறகைச் சுரண்டி எடுத்த என் அம்பொன்று மற்றவற்றைவிட இன்னும் அதிகமாக இடப்புறம் போய்ச் சாய்வாகக் குத்தி நின்றது.

அன்று மாலை வீட்டில் இரண்டு மரக்கட்டைகளை 71 சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்து, சமையலறைத் தராசில் 880 கிராம் வரும்வரை மணல் நிரப்பிய பையைத் தண்டின் நடுவில் தொங்கவிட்டு, பின்னால் நிறுத்திய அளவுகோலில் தொய்வைக் குறித்தேன். 700 ஸ்பைனாக இருந்தால் ஏறத்தாழ 18 மில்லிமீட்டர் தொய்ந்திருக்க வேண்டும். 10 மில்லிமீட்டருக்குச் சற்று மேலே வந்து நின்றுவிட்டது. வீட்டு அளவையில் ஒரு மில்லிமீட்டர் முன்பின் ஆகலாம், எட்டு மில்லிமீட்டர் ஆகாது. சந்தேகம் உறுதியானதும், நாணில் மாட்டும் பின்முனைப் பிளவை ஒட்டியிருந்த வண்ணத்தாளை ஹேர் டிரையரால் சூடாக்கி உரித்தேன். அடியில், மணல்தாளால் பாதி தேய்க்கப்பட்ட நிலையிலும், 400 என்ற வெள்ளை எண் தெளிவாகத் தெரிந்தது. வாங்கிய எல்லா அம்புகளிலும் இதே நிலைதான். கைதவறி நடந்திருந்தால் எண்ணைத் தேய்த்து மறைத்திருக்க வேண்டிய தேவை எழுந்திராது.

படங்களை அனுப்பியதும் வந்த பதில்தான் எனக்கு அதிகக் கோபத்தை உண்டாக்கியது: “அம்புகளைத் திருப்பி அனுப்புங்கள், ஓர் அங்குலம் குறைத்து நறுக்கித் தருகிறோம், சரியாகிவிடும்.” தண்டைக் குறைக்கக் குறைக்க அதன் நடைமுறை விறைப்பு கூடும் என்பது இந்தத் தொழிலில் இருக்கும் எவருக்கும் தெரியும். விறைப்பைத் தணிக்க வேண்டுமானால் தண்டை நீளமாக விட வேண்டும், அல்லது முனையின் எடையைக் கூட்ட வேண்டும். 400-க்கும் 700-க்கும் உள்ள தூரத்தை அதனாலும் நிரப்பிவிட முடியாது. மறுத்தபோது, நறுக்கிய பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்று முடித்துக்கொண்டார்கள்.

ஆகவே வாங்குபவர்கள் முதலில் நறுக்காத, எண் வெளியே தெரிகிற, வண்ணத்தாள் சுற்றாத தண்டுகளையே கேளுங்கள். முழு டஜனாக எடுக்காமல், அடுத்தடுத்த ஸ்பைனில் இரண்டொன்று வாங்கி, இறகில்லாமலும் இறகோடும் எய்து பார்த்த பிறகே மீதியை வாங்கி நறுக்குங்கள். “எல்லா வில்லுக்கும் பொருந்தும்”, “30 முதல் 60 பவுண்டு வரை” என்று எழுதியிருக்கும் அம்பை எக்காரணம் கொண்டும் வாங்காதீர்கள். அப்படி ஓர் அம்பு கிடையாது. ஸ்பைன் எண்ணைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். ரைசரில் மோதிக்கொண்டே இருக்கும் கார்பன் தண்டை எய்வதற்கு முன் ஒவ்வொரு முறையும் மெல்ல வளைத்து, விரிசல் ஒலி கேட்கிறதா என்று பாருங்கள். கையருகே பிளக்கும் கார்பன் சிராய் தசைக்குள் இறங்கிவிடும்.

2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விளம்பரப்படுத்திய தன்மையில் இல்லாத பொருளைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்க முடியாது. நறுக்கியது என்ற சாக்கு இங்கே செல்லாது என்பதே என் வாதம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்த பின் தண்டுகளின் விலை மட்டும் திரும்பி வந்தது. முனை, இறகு, கூலி, அனுப்புச் செலவு ஆகியவற்றுக்கான தொகை இன்னும் வரவில்லை, புகாரை மூடவில்லை. வண்ணத்தாள் உரித்த அம்புகளையும், பில்லையும், அவர்கள் அனுப்பிய செய்திகளின் படங்களையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். இதே போன்ற தாள் சுற்றிய அம்புகளை வாங்கியவர்கள் ஒரே ஓர் அம்பில் தாளை உரித்துப் பாருங்கள். எண் மாறியிருந்தால் அதே 1915-இல் உங்கள் பெயரிலும் தனிப் புகார் கொடுங்கள்.