அட்ரினலினா, டெக்சாமெத்தசோனா? நரம்புத் தடை ஊசியின் துணை மருந்துகள்

அறுவைக்காகக் கையை மரக்கச் செய்ய, நரம்பைச் சுற்றிச் செலுத்திய லிக்னோகெய்ன் என்ற மரப்பு மருந்து அந்த இடத்திலேயே சிதைந்துவிடுவதில்லை. பக்கத்து ரத்தக்குழாய்கள் அதை அள்ளிக்கொண்டு போகப் போகத்தான் கை மெல்ல உணர்வு பெறுகிறது. அள்ளும் வேகத்தைக் குறைத்தால் இரட்டை லாபம்: மரப்பு நீளும், ரத்தத்தில் மருந்தளவு திடீரென ஏறாது.

இதற்கு அட்ரினலின் மிகப் பழைய கைமருந்து. ஜெர்மன் அறுவை மருத்துவர் ஹைன்ரிச் பிரவுன் 1903-லேயே அதை, அன்றைய மரப்பு மருந்தான கோகெயினுடன் கலந்து காட்டினார். இன்று வழக்கமான அளவு மில்லிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம். குழாய்கள் சுருங்குகின்றன, மருந்து மெதுவாகக் கசிகிறது. லிக்னோகெய்னின் உச்ச வரம்பை உடல் எடையில் கிலோவுக்கு 4.5 மில்லிகிராமிலிருந்து 7 வரை உயர்த்த அனுமதிப்பது இந்த நம்பிக்கைதான். ஊசி தவறிக் குழாய்க்குள் போனால் நாடித்துடிப்பு எகிறிக் காட்டிக்கொடுப்பது கூடுதல் வரவு. ஆனால் பியூபிவகெய்ன், ரோபிவகெய்ன் போன்ற நீண்டநேர மரப்பு மருந்துகளின் மரப்பை இது பெரிதாக நீட்டுவதில்லை.

அங்கேதான் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு முந்துகிறது. சுமார் 12 மணி நேரம் நிற்கும் பியூபிவகெய்ன் தடை, 4 முதல் 8 மில்லிகிராம் இதைச் சேர்த்தால் 20 மணி நேரத்தைத் தொடுகிறது. காரணம் கேட்டால் 'இதுவும் குழாயைச் சுருக்கி உறிஞ்சலைத் தடுக்கிறது' என்பார்கள். முழுப் பொய்யில்லை. தோலில் தடவும் ஸ்டீராய்டு களிம்புகளின் வீரியத்தையே, தடவிய இடம் எவ்வளவு வெளுக்கிறது என்று பார்த்துத்தான் தரம் பிரிக்கிறார்கள்.

ஆனால் ஒரு முரண் உறுத்துகிறது. அதே மருந்தை நரம்பருகே போடாமல் மறு கையின் சிரைவழி செலுத்தினாலும் தடை நீள்கிறது. நரம்பருகே போடுவதைவிட ஏறத்தாழ மூன்று மணி நேரம்தான் குறைவு. ஊசி போட்ட இடத்துக் குழாய்ச் சுருக்கமே முழு விளக்கமென்றால் இது நடக்கக் கூடாது. அழற்சி தணிவதும், வலி கடத்தும் மெல்லிய நரம்பிழைகளான சி-இழைகள் அடங்குவதும் பெரும்பங்கு வகிக்கின்றன என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். ஆகவே ஸ்டீராய்டு சேர்த்தோம் என்ற தைரியத்தில் மரப்பு மருந்தின் உச்ச வரம்பை உயர்த்த மாட்டேன். அந்தச் சலுகை அட்ரினலினுக்கு மட்டும்.

எந்த வழியில் போடுவது? நரம்பருகே டெக்சாமெத்தசோன் செலுத்துவது மருந்தின் உரிமத்தில் அனுமதிக்கப்பட்டவற்றுக்கு வெளியே உள்ள பயன்பாடு. 4 மில்லிகிராமுக்கு மேல் போய்ப் பெரிய ஆதாயமும் இல்லை. சிரைவழி போட்டால் அறுவைக்குப் பின் வரும் வாந்தியும் கட்டுப்படும். எனவே என் ஓட்டு சிரைக்கு. விழித்திருப்பவருக்கு வேகமாகத் தள்ளினால் இடுப்புக்குக் கீழே சங்கடமான இடத்தில் எரிச்சலும் அரிப்பும் வரும், மெதுவாகச் செலுத்துங்கள். சர்க்கரை நோயாளிக்கு எந்த வழியானாலும் ரத்தச் சர்க்கரையைக் கவனிக்க வேண்டும்.

நரம்பருகேதான் போடுவேன் என்பவர்கள் ரோபிவகெய்னுடன் ஒரே சிரிஞ்சில் கலக்க வேண்டாம். டெக்சாமெத்தசோனின் காரத்தன்மையில் ரோபிவகெய்ன் படிகமாகிப் பிரியும். தெளிந்த திரவம் பால்போலக் கலங்கினால் அது குப்பைக்கு.